பெண் பார்க்க வரும் நாளில் மகள் எதை உடுப்பாள்?

"ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வருகிறார்களாம்" என்று கலியாணத் தரகர் சொல்லிவிட்டுப் போனதும் நமது வீடுகளில் முதலில் திறபடுவது அலுமாரிதான். வட்டிலப்பமா, கட்லட்டா என்பதெல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிவாகிவிடும். மகள் எதை உடுப்பது என்பது மட்டும் சனிக்கிழமை இரவு வரை இழுபடும். உம்மா ஸாரி என்பார். ராத்தா ஷல்வார் என்பாள். சாச்சி தன் மகளின் கலியாணத்துக்குத் தைத்த கல் வைத்த உடுப்பைக் கொண்டுவந்து கட்டிலில் விரிப்பார். உடுக்கப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் நேரமிருக்காது.

இது பெண்களின் சில்லறை விஷயம் என்று வாப்பாமார் நினைப்பதுண்டு. அப்படியல்ல. வருகிறவர்கள் ஒரு மணித்தியாலம்தான் இருப்பார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் மகள் பேசுவது பத்து வார்த்தை. மீதியை அவளுடைய உடுப்பு பேசிவிடும். இல்லாத வசதியை இருப்பதாக அது சொல்லிவிட்டால், பிறகு கைக்கூலிப் பேச்சு வரும்போது அந்தப் பொய்யைக் கடன்பட்டு உண்மையாக்க வேண்டியவர் அதே வாப்பாதான். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே கைக்கூலி என்ற சொல் ஏறியிருக்கும் நாடு இது. ஆண் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹரை அல்குர்ஆன் கடமையாக்கியிருக்க, நாம் அதைத் தலைகீழாகப் புரட்டி வைத்திருக்கிறோம். பேரம் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதை அன்றைய தினம் மகளின் கழுத்தில் கிடந்த மாலை தீர்மானித்த வீடுகள் உண்டு.

எனவே தாய்மார்களே, முதல் அளவுகோல் இதுதான்: அன்று உடுப்பது அடுத்த மாதம் அவள் ஒரு தோழியின் வீட்டு விருந்துக்குப் போகும்போதும் உடுக்கக்கூடியதாக இருக்கட்டும். வீட்டில் அடுப்படிக்கு உடுக்கும் உடுப்புமல்ல, வலீமாவுக்கு உடுப்பதுமல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒன்று எல்லோருடைய அலுமாரியிலும் இருக்கும்.

அலங்கரிப்பது ஆகுமா?

"மார்க்கப்பற்றுள்ள பெண்ணுக்கு எதற்கு அலங்காரம்? இருந்தபடியே வந்து நிற்கட்டும்" என்று சொல்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். ஸுபைஆ அல் அஸ்லமிய்யா (ரழி) அவர்களின் செய்தியை இவர்கள் படித்ததில்லை போலும். நபி (ஸல்) அவர்கள் ஹஜ்ஜதுல் விதாவுக்குச் சென்ற காலத்தில் அவரது கணவர் ஸஃத் இப்னு கவ்லா (ரழி) வபாத்தானார்கள். அப்போது அவர் கர்ப்பிணி. சிறிது காலத்தில் பிள்ளை பிறந்தது. பிரசவத் தீட்டு நீங்கிச் சுத்தமானதும், பெண் கேட்டு வருபவர்களுக்காகத் தன்னை அலங்கரித்துக்கொண்டார். ஒருவர் வந்து, நான்கு மாதமும் பத்து நாளும் கழியாமல் இது எப்படி ஆகும் என்று கேட்டார். ஸுபைஆ வாயை மூடிக்கொண்டு உட்காரவில்லை. மாலையில் உடுத்துக்கொண்டு நேரே நபியவர்களிடம் சென்று கேட்டார். பிள்ளை பிறந்ததுமே இத்தா முடிந்துவிட்டது, விரும்பினால் மணமுடிக்கலாம் என்ற தீர்ப்பு கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. இத்தா பற்றிய சட்டத்துக்காகவே உலமாக்கள் இதை எடுத்துச் சொல்வார்கள். பெண் கேட்டு வருபவர்களுக்காக ஸஹாபிப் பெண்மணி ஒருவர் தன்னைச் சீர்படுத்திக்கொண்டார் என்பதும், அந்த அலங்காரத்தை நபியவர்கள் கண்டிக்கவில்லை என்பதும் அதே செய்தியில்தான் இருக்கிறது.

முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்களின் செய்தி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மணமுடிக்கப் போகும் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறும், அது இருவருக்கும் இடையில் இணக்கம் நிலைக்க ஏற்றது என்றும் நபியவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அவர் பெண் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து பேசியவள் அந்தப் பெண்தான். நபியவர்கள் பார்க்கச் சொல்லியிருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். இப்னு மாஜாவில் இது இருக்கிறது. பெற்றோர் தயங்கிய இடத்தில் மகள் நிதானமாகப் பேசியிருக்கிறாள்.

யார் எதைப் பார்க்கலாம்?

உடுப்பைத் தெரிவு செய்யுமுன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், மணமுடிக்க நாடுபவர் பெண்ணின் முகத்தையும் மணிக்கட்டு வரையிலான இரு கைகளையும் பார்க்கலாம். அவளுடைய வாப்பாவோ சகோதரனோ உடனிருக்க வேண்டும். இந்த அனுமதி மாப்பிள்ளைக்கு மட்டுமே. அவருடன் வரும் தம்பிக்கும் மச்சானுக்கும் கூட்டாளிக்கும் இல்லை. மாப்பிள்ளையின் வாப்பா கூட நிக்காஹ் முடியும் வரை அந்நிய ஆண்தான். முடிந்த பிறகே மஹ்ரமாகிறார். மாப்பிள்ளையின் சகோதரர்கள் நிக்காஹ்வுக்குப் பிறகும் மஹ்ரமாவதில்லை.

பெண்களின் விஷயம் வேறு. மாப்பிள்ளையின் உம்மா, ராத்தா, மாமி ஆகியோர் உள்ளறையில் இருக்கும்போது மகள் தலைத்துணியை எடுத்துவிட்டு இருப்பதில் குற்றமில்லை. முடியைப் பார்க்க வேண்டுமென்று கேட்கும் மாமிமார் இன்றும் இருக்கிறார்கள். காட்டுவதும் காட்டாததும் மகளின் விருப்பம். வற்புறுத்தாதீர்கள்.

ஆகவே அன்று இரண்டு இடங்களுக்கு ஏற்ற உடுப்பு தேவைப்படுகிறது. வழமையாக அபாயா அணியும் மகளுக்கு இது சுலபம். முன்மண்டபத்துக்குச் சுத்தமான, நன்றாக ஸ்திரி போட்ட அபாயா. உள்ளே பெண்கள் மத்தியில் அதைக் கழற்றிவிட்டால் அடியில் நல்லதொரு ஷல்வார். கடைசி நேரத்தில் உடுப்பு மாற்றி ஓடித்திரிய வேண்டியதில்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தினமும் அபாயா அணிபவளை அன்று மட்டும் "கொஞ்சம் மொடர்னாக" இருக்கட்டும் என்று மாற்றாதீர்கள். அவ்வாறே, நீள் சட்டையும் தலைத்துணியுமாகக் கம்பஸுக்கும் வேலைக்கும் போய்வரும் மகளுக்கு, வருகிறவர்கள் பேணுதலான குடும்பம் என்று கேள்விப்பட்டு இரவல் அபாயா மாட்டிவிடவும் வேண்டாம். இரண்டும் ஒரே வகைப் பொய். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம், "அன்றைக்கு இப்படி இருக்கவில்லையே" என்ற கேள்விக்குத் தனியாக நின்று பதில் சொல்லப் போகிறவள் உங்கள் மகள்.

இரவல் மாலை

இரவல் வாங்குவதே பிழை என்று சொல்ல வரவில்லை. ஆயிஷா (ரழி) அவர்களிடம் ஐந்து திர்ஹம் பெறுமதியான முரட்டுத் துணிச் சட்டையொன்று இருந்தது. நபியவர்களின் காலத்தில் மதீனாவில் மணப்பெண்ணாக அலங்கரிக்கப்பட்டவர்கள் அதை அவர்களிடமிருந்து இரவல் வாங்கி அணிந்தார்கள். பிற்காலத்தில் தன் வீட்டுப் பணிப்பெண்ணே அதை வீட்டுக்குள் உடுக்க வெட்கப்படுகிறாள் என்று அவர்கள் சொன்னதாக புகாரியில் வருகிறது. ஆயிஷா (ரழி) அவர்களும் தங்கள் ராத்தா அஸ்மா (ரழி) அவர்களிடம் இரவல் வாங்கிய மாலையை அணிந்துதான் பிரயாணம் போனார்கள். அந்த மாலை தொலைந்து, தேடத் தாமதித்து, தண்ணீரில்லாத இடத்தில் எல்லோரும் தங்க நேர்ந்தபோதுதான் தயம்மும் பற்றிய வசனம் இறங்கியது.

ஆனால் அதே அஸ்மா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு ஹதீஸ் இருக்கிறது. தனக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவரைப் பொய்யான இரண்டு ஆடைகளை உடுத்தவருக்கு நபியவர்கள் ஒப்பிட்டார்கள். மதீனாவில் சட்டையை இரவல் வாங்கிய மணப்பெண் அது தன்னுடையதென்று யாருக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அது யாருடைய சட்டை என்று ஊரே அறிந்திருந்தது. பெண் பார்க்க வரும் நாளில் சாச்சியின் பத்துப் பவுண் மாலையைப் போடுவது அப்படியல்ல. பார்ப்பவர் அதை மகளுடையதென்று நினைக்க வேண்டும் என்பதற்காகவே அது போடப்படுகிறது.

மகளுக்குச் சொந்தமான சிறிய தோடும், ஒரு மெல்லிய சங்கிலியும், விரும்பினால் கைக்கு ஒரு காப்பும் போதும். அவையும் இல்லையென்றால் இல்லாமலே இருக்கட்டும். தலைத்துணிக்குள் காதும் கழுத்தும் மறைந்திருக்கும்போது யாருக்காக இந்தப் பாடு?

கிழக்கிலங்கைச் சகோதரிகள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அங்கே வருகிறவர்களின் கண் பெண்ணின் உடுப்பை விடச் சுவரையும் கூரையையும்தான் அதிகம் அளக்கும். மாப்பிள்ளை குடிவரப் போவது பெண்ணுக்குக் கொடுக்கும் வீட்டுக்குத்தானே! அந்த வீட்டுக்கதை வேறொரு நாளைக்கு.

துணியைப் பற்றி

நான்கு நாள் தவணையில் புதிதாகத் தைக்கக் கொடுக்காதீர்கள். தையற்காரி ராத்தா சனி இரவு பதினொரு மணிக்குத் தருவார். கை இறுக்கமாக இருக்கும், பிரித்துத் தைக்க நேரமிருக்காது. ஏற்கனவே இரண்டு மூன்று தடவை உடுத்து, துவைத்து, உடம்போடு பழகிய உடுப்பே நல்லது. எங்கே பிடிக்கும், எங்கே நழுவும் என்று மகளுக்குத் தெரியும். கைகளை எங்கே வைப்பது என்று தடுமாறும் நேரத்தில் இந்தப் பழக்கம் பெரிய உதவி.

ஜோர்ஜட் நமது பெண்களுக்குப் பிடித்த துணி. கசங்காது, அழகாக விழும். ஆனால் லைனிங் இல்லாத ஜோர்ஜட் வெளிச்சத்தில் அனைத்தையும் காட்டிக்கொடுக்கும். யன்னலுக்கு நேரே பிடித்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். விரல்கள் தெரிந்தால் அந்த உடுப்புக்கு அடியில் இன்னொன்று தேவை. மாலை நேரத்தில் வாசற்பக்கம் முதுகைக் காட்டி நிற்கும்போது வெயில் பின்னாலிருந்து விழும் என்பதை மறக்க வேண்டாம்.

சட்டின் போன்ற மினுங்கும் துணிகள் டியூப் வெளிச்சத்தில் இன்னும் மினுங்கும். உடம்பின் மடிப்புகளையும் எடுத்துக் காட்டும். பொலியெஸ்டர் மலிவு, கசங்காது, ஆனால் காற்றை விடாது. வருகிறவர்கள் இருக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போனால் மகள் நனைந்துவிடுவாள். வெளிர் சாம்பலும் வான நீலமும் வியர்வையை உடனே காட்டும் நிறங்கள். சிறு பூப்போட்ட துணியிலும் கடும் நிறங்களிலும் அது தெரியாது.

பருத்தி நமது வெப்பத்துக்கு மிகவும் உகந்தது. இருந்தெழும்பினால் கசங்கும் என்பது மட்டுமே குறை. பருத்தியுடன் பொலியெஸ்டர் கலந்த துணி கசங்குவது குறைவு. மருதமுனைக் கைத்தறி நம்மிடம் இருக்கும்போது அதை ஏன் ஸாரிக்கும் சாரனுக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை. மெல்லிய கைத்தறித் துணியில் ஷல்வார் தைத்தால் அடக்கமாகவும் இருக்கும், தரமும் தெரியும். புதுக் கைத்தறியை வெட்டுமுன் ஒரு தடவை தனியாக நனைத்து உலர்த்திவிடுங்கள். சுருங்குவதென்றால் அப்போதே சுருங்கட்டும்.

ஸாரி எப்படி? ஐந்தரை மீற்றர் துணியைக் கட்டி நடக்கப் பழகியவளுக்கு அதைவிடக் கம்பீரமான உடுப்பு கிடையாது. நமது மூத்தம்மாமார் முந்தானையைத் தலையில் போட்டு எவ்வளவு அழகாகக் கட்டினார்கள்! நீளக்கை வைத்த, இடுப்பை மறைக்கும் சட்டையுடன் கட்டலாம். பழக்கமில்லாதவளுக்கு அன்று வேண்டாம். கொசுவத்தைக் காலால் மிதித்துக்கொண்டு தட்டத்துடன் வருபவளைப் பார்க்க அனைவருக்கும் பதற்றமாக இருக்கும்.

தட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சனிக்கிழமையே அந்த உடுப்பை உடுத்தி, கையில் தட்டத்தைக் கொடுத்து ஒரு தடவை நடக்கச் சொல்லுங்கள். விரிந்த கை வைத்த உடுப்பானால் தேநீர்க் கோப்பைக்குள் நனையும். இரண்டு கையும் தட்டத்தில் இருக்கும்போது தலைத்துணி நழுவினால் பிடிக்க மூன்றாவது கை இல்லை. வழுக்கும் துணியானால் உள்ளே பருத்தித் தொப்பி போட்டு, நாடிக்குக் கீழே ஒன்றும் தோளில் ஒன்றுமாக ஊசி குத்த வேண்டும். குனிந்து கோப்பை வைக்கட்டும். தாழ்ந்த செட்டியில் இருந்து எழும்பட்டும். சட்டையின் பக்க வெட்டு எவ்வளவு விலகுகிறது என்று அப்போது தெரியும். வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடப்பதால், குதி உயர்ந்த செருப்புக்கு அளவெடுத்த அபாயா நிலத்தில் இழுபடும். ஓர் அங்குலம் மடித்துத் தைத்துவிடுங்கள்.

அலுமாரியில் கிடந்த உடுப்பை முதல் நாளே வெளியே எடுத்துக் காற்றில் போடுங்கள். பூச்சி உருண்டை மணத்தை அத்தரால் மூடப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து தலைவலிதான் மிஞ்சும். ஆண்கள் இருக்கும் இடத்துக்கு வருபவள் வாசனை பூசாமலிருப்பதே பேணுதல். குளித்த உடம்பும் வெயிலில் உலர்ந்த உடுப்பும் போதும்.

முகத்தின் நிறம்

இதை எழுதாமல் விட முடியவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் கடைகளில் பெயர் தெரியாத வெளுப்புக் கிறீம் வாங்கி இரண்டு கிழமை பூசுகிற பழக்கம் நமது பெண்களிடம் இருக்கிறது. இவற்றில் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. அது தோல் வழியாக உடம்புக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. 2013இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த வெளுப்புக் கிறீம்களை ஒழிக்கப்பட வேண்டிய பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. தயாரித்தவரின் விலாசம் இல்லாத, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத கிறீமை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். கர்ப்பமாக இருக்கும் ராத்தா அதைக் கடன் கேட்டால் இன்னும் ஆபத்து. கூம்பில் வரும் கறுப்பு மருதோன்றியும் இப்படித்தான். முடிக்குப் பூசும் சாய மருந்தைக் கலந்துதான் அந்தக் கறுப்பை வரவழைக்கிறார்கள். சிலருக்குக் கை கொப்புளித்துத் தழும்பாகிவிடும். உண்மையான மருதோன்றி சிவக்குமே தவிர இரண்டு மணித்தியாலத்தில் கறுக்காது.

முகத்துக்குப் பவுடர் பூசுவதானால் கழுத்தின் நிறத்தோடு சேரட்டும். மாப்பிள்ளை பார்க்க அனுமதிக்கப்பட்டது முகமும் கையும். முகம் ஒரு நிறமும் கை வேறொரு நிறமுமாக இருந்தால் அவர் எதை நம்புவார்?

சில பிள்ளைகள் ஐந்தாவது, ஆறாவது தடவையாக உடுத்து நிற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "அந்த நிறம் உனக்கு எடுக்கவில்லை, அதுதான்" என்று உம்மா காரணம் கண்டுபிடிக்கிறார். ஆறுதலுக்காகச் சொல்வதாக இருக்கலாம். கேட்கிறவளுக்கு அது, குறை உன்னில்தான் என்று விளங்குகிறது. பிறகு கண்ணாடிக்கு முன்னால் நிற்கவே வெறுக்கிறாள். வந்தவர்கள் திரும்பிப் போனதற்கு நூறு காரணம் இருக்கும். உடுப்பை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பள்ளிவாசலிலும் அயலிலும் அந்தக் குடும்பத்தைப் பற்றி முதலே விசாரித்து, பேச வேண்டிய பெரிய விஷயங்களைப் பெரியவர்கள் பேசி முடித்த பிறகு மட்டும் பெண் பார்க்க அழைத்தால், மகள் உடுத்து நிற்கும் தடவைகள் பாதியாகக் குறையும்.

மகள்மாருக்கு ஒரு வார்த்தை

தங்கச்சிமார்களே, அன்று அவர்கள் மட்டும் பார்க்க வருவதில்லை. மணமுடிக்கப் போகும் ஆணைப் பெண்ணும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஷாபிஈ இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். புருவம் வரை இழுத்த தலைத்துணியும் கழுத்தை அழுத்தும் நகையுமாக நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் யாரைப் பார்ப்பீர்கள்? தலையை நிமிர்த்தி ஸலாம் சொல்லக்கூடிய உடுப்பாகத் தெரிவு செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த நிறத்தை நீங்களே சொல்லுங்கள். "எனக்கு இது வசதியில்லை உம்மா" என்று சனிக்கிழமையே சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அழ வேண்டியதில்லை.

மாப்பிள்ளையின் உடுப்பைப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்திரி போட்ட நீளக்கைச் சேட்டும் காற்சட்டையும் போதும். ஜுப்பா வழமையாக அணிபவரென்றால் ஜுப்பா. பட்டும் தங்கமும் ஆணுக்கு ஹராம். தங்க மோதிரத்தோடும் கழுத்தில் சங்கிலியோடும் வருகிறவர் மார்க்கமுள்ள பெண் தேவை என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தால் ஒரு கேள்வி கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. உடுப்பை விட, தன் உம்மாவுக்குத் தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் கொடுக்கிறாரா, உங்கள் வாப்பா பேசும்போது போனை நோண்டுகிறாரா என்பதைக் கவனியுங்கள்.

படம் எடுப்பது

முன்பெல்லாம் ஸ்டூடியோவில் எடுத்த படம் உறைக்குள் வைத்துத் தரகர் கையில் போகும், பிடிக்காவிட்டால் அதே உறையில் திரும்பி வரும். இன்று வட்ஸ்அப்பில் போகிறது. திரும்பி வருவதில்லை. மாப்பிள்ளையின் உம்மாவுக்கு அனுப்பியது அவருடைய குடும்பக் குழுவுக்குப் போய், அங்கிருந்து சவூதியிலும் கட்டாரிலும் இருக்கும் மச்சான்மாரின் போனுக்கும் போய்விடும். ஒரு தடவை மட்டும் பார்க்கும்படி அனுப்பும் வசதி இருந்தாலும், இன்னொரு போனால் அதைப் படம் எடுப்பதை யாராலும் தடுக்க முடியாது. கட்டாயம் அனுப்ப வேண்டுமென்றால் தெருவில் போகும் அதே உடுப்பில், தலைத்துணியோடு எடுத்த ஒன்றை மட்டும் அனுப்புங்கள். முகத்தை வெளுக்கவும் மெலிக்கவும் செய்யும் பில்டர்கள் வேண்டாம். நேரில் பார்க்கும்போது ஏமாந்தோம் என்று அவர்கள் நினைப்பது உங்கள் மகளுக்குத்தான் அவமானம். உள்ளறையில் தலைத்துணி எடுத்த நிலையில் யாரும் போனைத் தூக்கினால், "மாமி, படம் மட்டும் வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். இதை மகளுக்கு விடாமல் நீங்களே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் மகனுக்குப் பெண் பார்ப்பவர்களும் இருப்பீர்கள். நீங்கள் உடுப்பதும் அந்த வீட்டில் பேசும். உங்கள் பெட்டகத்திலுள்ள எல்லா நகையையும் அடுக்கிக்கொண்டு போய் ஓர் ஆசிரியரின் வீட்டு முன்மண்டபத்தில் அமர்ந்தால், அந்த வீட்டு உம்மா தான் உடுத்திருப்பதைப் பார்த்து வெட்கிப்போவார். ஒரு நோயாளியைப் பார்க்கப் போவதை விடச் சற்றுக் கூடுதலாக, ஒரு கலியாணத்துக்குப் போவதை விட நன்றாகக் குறைவாக உடுத்துக்கொள்ளுங்கள். வேன் பிடித்துப் பதினைந்து பேர் போக வேண்டாம், நான்கு பேர் போதும். பெண்ணை எழுந்து நடக்கச் சொல்வதும், நகத்தைப் பார்ப்பதும், "இதைவிட வெளுப்பு என்று தரகர் சொன்னாரே" என்று அவள் காதுபடச் சொல்வதும் வேண்டாம்.

பிடிக்கவில்லையென்றால் அந்தக் கிழமைக்குள் பதில் அனுப்புங்கள். "இஸ்திகாரா செய்துவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருப்பவர்களால், ஒரு வீட்டில் போன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கிறாள். பதில் எதுவானாலும் அனுப்பிய பிறகு, உங்கள் போனிலும் மகனின் போனிலும் குடும்பக் குழுவிலும் உள்ள அவளுடைய படத்தை அழித்துவிட்டு, அழித்துவிட்டோம் என்று அவளுடைய உம்மாவுக்குச் சொல்லுங்கள்.